சீனக்குடாவில் காணி வாங்கலாமா? ஷேல் எண்ணெயும் ஊரில் தங்கும் காசும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். அமெரிக்காவில் ஷேல் எண்ணெய் எடுக்கத் தொடங்கியதும் பெயர் தெரியாத சிற்றூர்களில்கூடச் சம்பளமும் வாடகையும் காணி விலையும் எகிறின. திருகோணமலைக் கடலிலும் எண்ணெய் இருப்பதாகப் பேசுகிறார்கள். ஆகவே, கட்டாரில் உழைத்த காசில் அங்குள்ள சீனக்குடாப் பக்கம் 40 பேர்ச் இப்போதே வாங்கிப் போடலாமா, ஏ.எல். முடித்த தம்பியை எண்ணெய்த் துறைப் படிப்புக்கு அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். எண்ணெய் இருக்கிறதா என்று கேட்பதுபோல இருந்தாலும், நிலத்துக்கடியிலிருந்து வரும் காசு அந்த ஊரிலேயே தங்குமா, தங்கினால் யார் கையில் தங்கும் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவன். பேராதனையில் புவிச்சரிதவியல் படித்துவிட்டு ஓமானிலும், ஷேல் அலை உச்சத்தில் இருந்த காலத்தில் அமெரிக்காவின் வட டகோட்டாவிலும் ரிக் எனப்படும் துளைக்கும் இயந்திரத் தளங்களில் வேலை செய்தேன். கிணறு துளைக்கும்போது சேற்றோடு மேலே வரும் பாறைத் துணுக்குகளைச் சலித்துக் கழுவி, தட்டில் பரப்பி, நுணுக்குக்காட்டியில் பார்த்து, துளைமுனை இப்போது எந்தப் பாறையில் நிற்கிறது என்று சொல்வது என் தொழில். வெறுங்கண்ணுக்கு அந்தத் துணுக்கு கறுப்புச் சேற்றுக்கட்டிதான். புற ஊதாக்கதிர் விளக்கின் கீழே வைத்தால் எண்ணெய் உள்ளது மஞ்சளாகவோ வெண்ணீலமாகவோ மினுங்கும். அந்த மினுக்கத்தை நம்பித்தான் கோடிக்கணக்கான டொலர் அடுத்த நாள் செலவழியும். பாறையும் கிணறும் பற்றி நான் உறுதியாகப் பேசலாம். காணி விலை கணிப்பது என் தொழில் இல்லை. அந்தப் பக்கம் போகும்போது, பொருளியலாளர்கள் அளந்து வைத்ததையும் நான் கண்டதையும் வைத்தே பேசுகிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். திருகோணமலை மண்ணுக்கடியில் ஷேல் எண்ணெய் கிடையாது, இருக்கவும் முடியாது. ஷேல் என்பது பழைய கடல்களின் அடியில் படிந்த சேறு இறுகிய பாறை. அதோடு புதைந்த நுண்ணுயிர்களின் எச்சம் சில கிலோமீற்றர் ஆழத்தில், ஏறக்குறைய 60 முதல் 120 பாகை செல்சியஸ் சூட்டில், மிக நீண்ட காலம் கிடந்தால் எண்ணெயாகும். சூடு அதைத் தாண்டினால் வாயுவாகும், மேலும் தாண்டினால் ஒன்றும் மிஞ்சாது. இலங்கை நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு, பூமியின் ஆழத்தில் பலநூறு பாகைச் சூட்டில் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறை. கோணேசர் மலையும் அந்த வகைதான். அதில் எண்ணெய் தேடுவது வீண். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டி "கீழே ஏதோ இருக்கு" என்று சொல்பவர்களை எனக்கும் தெரியும். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகித் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

கடல் வேறு கதை. இலங்கையைச் சுற்றியுள்ள கடலடியில் தடித்த படிவுப் படுகைகள் உள்ளன. மன்னார்ப் படுகையில் 2011இல் கெய்ர்ன் நிறுவனம் டொராடோ, பராகுடா என்று பெயரிட்ட இரண்டு கிணறுகளில் இயற்கை எரிவாயுவைக் கண்டது. 2015இல் அந்த நிறுவனம் விட்டுவிட்டுப் போனது. இன்றுவரை அந்த வாயு கரைக்கு வரவில்லை. கிழக்கே, திருகோணமலையை ஒட்டிய ஆழ்கடலில், ஜே.எஸ்.5, ஜே.எஸ்.6 என்று குறித்த பெரும் பரப்புகளை ஆராய 2016இல் பிரான்சின் டோட்டல் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. நீங்கள் கேள்விப்பட்ட பேச்சு பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பியதுதான். ஒலியலைகளை அனுப்பி எதிரொலியைப் பதிவுசெய்யும் அளவீடு கீழே எண்ணெய் தங்கக்கூடிய வடிவம் இருக்கிறதா என்று மட்டும் காட்டும். அந்த வடிவத்துக்குள் எண்ணெயா, வாயுவா, வெறும் உப்புத்தண்ணீரா என்பதைத் துளைத்துப் பார்த்தால்தான் சொல்லலாம். திருகோணமலைக்கு எதிரே அப்படி ஒரு கிணறு இன்னும் இறங்கவில்லை. "இருக்கு" என்று அடித்துச் சொல்பவரையும், "இல்லவே இல்லை" என்பவரையும் நான் ஒரே அளவில்தான் நம்புவேன்.

அப்படியே அங்கே ஏதாவது கிடைத்தாலும் அது ஷேல் முறையில் எடுக்கும் எண்ணெயாக இருக்காது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்வியின் பாதி தீர்ந்துவிடும். சாதாரண எண்ணெய் வயலில் எண்ணெய் நுண்துளைகள் நிறைந்த பாறையில் தங்கியிருக்கும். ஒரு கிணறு போட்டால் சுற்றுவட்டாரத்திலிருந்து தானாக வந்து சேரும். ஷேலில் அது எள்ளுக்குள் எண்ணெய் மாதிரி, நசுக்காமல் வராது. தரைக்குக் கீழே இரண்டு மூன்று கிலோமீற்றர் நேராக இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் இன்னும் இரண்டு மூன்று கிலோமீற்றர் துளைத்து, தண்ணீரும் மணலும் சில இரசாயனங்களும் கலந்து பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை வெடிக்க வைப்பார்கள். டெக்சாசின் பார்னெட் ஷேலில் ஜோர்ஜ் மிச்செலின் நிறுவனம் பல வருடம் காசைக் கொட்டி, 1990களின் இறுதியில்தான் இதை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டது. ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி முதல் நாலு கோடி லீற்றர் வரை தண்ணீர் போகும். மணல் ஆயிரக்கணக்கான தொன். இவற்றைக் கொண்டுவரவும், திரும்பி வரும் உப்பு நீரை அப்புறப்படுத்தவும் ஆயிரத்துக்கு மேற்பட்ட லொறிப் பயணங்கள் வேண்டும். இவ்வளவும் செய்து எடுக்கும் கிணற்றின் உற்பத்தி முதல் வருடத்திலேயே அறுபது எழுபது வீதம் சரிந்துவிடும். சரிவை ஈடுகட்ட இன்னொரு கிணறு, அதற்குப் பிறகு இன்னொன்று.

ஊருக்குக் காசு வருவது இந்த ஓயாத துளைப்பால்தான். எண்ணெய் ஊறும் கிணற்றுக்குப் பெரிதாக ஆள் தேவையில்லை. பவுசர் ஓட்ட, மானியைப் பார்க்க, பம்பைத் திருத்த இரண்டு மூன்று பேர் பல கிணறுகளைச் சுற்றி வருவார்கள். ஆனால் துளைக்கும் காலத்தில் லொறிச் சாரதி, வெல்டர், சமையல்காரர், மெக்கானிக், காவலாளி எல்லோரும் வேண்டும். துளைப்பு நின்றால் இவர்களும் நிற்பார்கள். கடலில் அப்படி நூற்றுக்கணக்கில் துளைத்துத் தள்ள முடியாது. ஆழ்கடலில் ஓர் ஆய்வுக் கிணற்றுக்கே பல கோடி டொலர் வேண்டும்.

வட டகோட்டாவின் வில்லிஸ்டனை எடுங்கள். 2010 கணக்கெடுப்பில் அந்த ஊரின் சனத்தொகை 14,716. 2020இல் 29,160. நடுவில் இருந்த வருடங்களில் கணக்கில் வராமல் கொள்கலன் அறைகளிலும் வண்டிகளிலும் தூங்கியவர்கள் வேறு. 2014இல் ஒரு வாடகை இணையதளம் எடுத்த கணக்கில் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு நியூயோர்க்கையும் மிஞ்சிய வாடகை வில்லிஸ்டனில்தான். எண்ணெயோடு வரும் எரிவாயுவைக் கொண்டுபோகக் குழாய் போட நேரமில்லாததால், அந்த வருடங்களில் மூன்றில் ஒரு பங்கு வாயுவை அப்படியே எரித்தார்கள். இரவில் ரிக்கிலிருந்து பார்த்தால் வயல்வெளி முழுக்கத் தீச்சுவாலை. ஆரம்பத்தில் அதிசயமாக இருக்கும், பிறகு தூக்கத்தைக் கெடுக்கும். எனக்கு உணவுக்கடையில் பரிமாறிய நடுத்தர வயதுப் பெண் அந்த ஊர்ப் பள்ளியில் உதவி ஆசிரியை. வாடகை மூன்று மடங்கானதால் மாலையில் இரண்டாவது வேலைக்கு வந்திருந்தார். எண்ணெய்க் கம்பனிக்காரரின் சம்பளம் எட்டு மடங்கு உயரட்டும், அரசாங்கச் சம்பளம் வாங்கும் தாதிக்கும் ஆசிரியருக்கும் கோதுமை மாவு அதே விலைக்கா கிடைக்கும்? ஊர் பணக்கார ஊரானது என்று சொல்லும்போது இவர்கள் அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடுகிறார்கள்.

பிறகு விலை விழுந்தது. 2014 நடுப்பகுதியில் பீப்பாய் 100 டொலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டொலருக்கும் கீழே போனது. 2012இல் அந்த மாநிலத்தில் 200க்கு மேல் ஓடிய ரிக்குகள் 2016இல் 30க்கும் குறைந்தன. கடன் வாங்கி அடுக்குமாடி கட்டியவர்கள் வாடகையைப் பாதியாக்கியும் ஆள் இல்லாமல் தவித்தார்கள். நியாயமாகச் சொன்னால் ஊர் செத்துவிடவில்லை, மறுபடி எழுந்தது. மாநில மக்களும் 2010இல் வாக்களித்து ஒரு சேமிப்பு நிதியை உருவாக்கி, எண்ணெய் வரியில் 30 வீதத்தை அதில் பூட்டி வைத்திருந்தார்கள்.

காசு எங்கே தங்கியது என்று அளந்தும் இருக்கிறார்கள். டார்ட்மத் கல்லூரியின் பொருளியலாளர்கள் மூவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புதிதாக எடுத்த ஒவ்வொரு பத்து லட்சம் டொலர் எண்ணெய், எரிவாயுவுக்கும், அதே கவுன்டிக்குள் (நம் மாவட்டம் மாதிரி) கூலியாகத் தங்கியது 80,000 டொலர். கனிமத்தின் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் பங்கான ராயல்டியாகவும் வியாபார வருமானமாகவும் தங்கியது 132,000. நூறு மைல் வட்டத்தை எடுத்தால் இவை 257,000 ஆகவும் 286,000 ஆகவும் உயர்கின்றன. நமக்கு நூறு மைல் என்றால் மட்டக்களப்பு, அநுராதபுரம் எல்லாம் தாண்டிக் கண்டி வரை. ஆக, கிணறு இருக்கும் இடத்திலேயே தங்குவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் கூலியைவிடச் சொந்தக்காரர்களுக்குப் போனது அதிகம். இன்னொரு ஆய்வு, ஷேல் வந்த பகுதிகளில் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்ட ஆண் பிள்ளைகள் கூடினார்கள் என்று காட்டியது. லொறி ஓட்டினால் நல்ல சம்பளம், பள்ளிக்கூடம் எதற்கு? உங்கள் தம்பி விஷயத்துக்கு வரும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

அந்தச் சொந்தக்காரர்கள் யார் என்பதில்தான் நம் ஊர் அமெரிக்காவிலிருந்து விலகிப் போகிறது. அங்கே காணிக்கு அடியில் உள்ள கனிமம் தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம். எட்டில் ஒன்று முதல் நாலில் ஒன்று வரை ராயல்டி என்று ஒப்பந்தம் போட்டு, கோதுமை விதைத்துக்கொண்டிருந்த விவசாயி மாதாமாதம் காசோலை வாங்குவார். ஆனால் தாத்தா காலத்தில் கனிம உரிமையை மட்டும் தனியாக விற்றுவிட்ட குடும்பங்களும் உண்டு. அவர்கள் காணியில் ரிக் நிற்கும், தூசி அவர்கள் வீட்டுக்குள் விழும், காசோலை வேறு யாருக்கோ போகும். இலங்கையில் நாம் எல்லோருமே அந்த இரண்டாவது வகைதான். பெற்றோலியம் முழுவதும் அரசுக்கு உரியது. 2003ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப் பின் வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கின்றன. உங்கள் உறுதியில் எத்தனை பேர்ச் எழுதியிருந்தாலும் ஒரு துளி எண்ணெய்க்கும் நீங்கள் உரித்தாளி இல்லை. வரும் ராயல்டி கொழும்புத் திறைசேரிக்குப் போகும். அதிலிருந்து மாகாணத்துக்கோ பிரதேச சபைக்கோ என்ன திரும்பி வரும் என்பது அரசியல்வாதிகளிடம் கேட்டு வாங்கவேண்டியது.

இதையும் யோசியுங்கள். திட்டம் என்று ஒன்று உண்மையாகவே வந்தால், 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தல் சட்டத்தின் கீழ் பொதுத் தேவைக்கென்று அரசு காணியை எடுக்கலாம். கொடுக்கும் நட்டஈடு அரச மதிப்பீட்டின்படி இருக்கும், தரகர் சொன்ன விலையில் இருக்காது. 2006இல் போரால் சம்பூரை விட்டு ஓடிய சனம் நலன்புரி முகாம்களில் எத்தனை வருடம் கிடந்தது, அந்தக் காணி எத்தனை திட்டங்களுக்கென்று பேசப்பட்டது என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். அனல் மின் நிலையம் வருகிறது என்றார்கள், 2016இல் கைவிட்டார்கள், இப்போது சூரிய மின்சாரம் என்கிறார்கள். திட்டத்தின் பெயரை நம்பிக் காணி வாங்குவதற்கு நம் மாவட்டம் நல்ல இடமில்லை.

ஷேல் என்று அறிவித்த எல்லா நாட்டிலும் எண்ணெய் வந்ததாகவும் நினைக்காதீர்கள். 2011இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிறுவனம் போலந்தில் 5 இலட்சம் கோடி கன மீற்றருக்கும் மேல் வாயு எடுக்கலாம் என்று கணித்தது. அடுத்த வருடம் போலந்தின் சொந்தப் புவிச்சரிதவியல் நிறுவனம் அதைப் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் குறைத்தது. துளைத்துப் பார்த்த எக்சன்மோபில் 2012இல் வெளியேறியது, செவ்ரோன் 2015இல். இங்கிலாந்தின் லங்காஷயரில் ஷேல் பாறையை வெடிக்க வைத்தபோது, 2019 ஆகஸ்டில் 2.9 அளவில் நிலம் அதிர்ந்ததும் அரசாங்கமே அந்த வேலையை நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் நெடுவாசல்காரர்கள் 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக உட்கார்ந்த போராட்டம் எல்லோருக்கும் தெரியும். அது ஷேல் திட்டம் அல்ல, ஆனாலும் வயலுக்கு நடுவே கிணறு வரும்போது எழும் அச்சம் ஒன்றுதான்.

சரி, கடலில் பெரிதாகவே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எண்ணெய் திருகோணமலை மண்ணை மிதிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. தென் அமெரிக்காவின் கயானா இதற்கு நல்ல பாடம். 2015இல் கரையிலிருந்து வெகுதூரத்தில், கடலில் எக்சன்மோபில் எண்ணெய் கண்டது, 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கியது. எடுத்ததை அங்கேயே நங்கூரமிட்ட பெரிய கப்பலில் சேர்த்து, இன்னொரு கப்பலில் ஏற்றி, நேராக வெளிநாடு அனுப்புகிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கு உலகமே பார்க்கும் அளவுக்குப் பாய்ந்தது. ஆனால் தலைநகரில் சாதாரணக் குடும்பம் பார்த்தது சாப்பாட்டு விலையும் வீட்டு வாடகையும் ஏறியதைத்தான். அதன் பிறகே, 2021இல், உணவு வழங்கல், போக்குவரத்து, வெல்டிங் போன்ற வேலைகளில் குறிப்பிட்ட பங்கை உள்நாட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நோர்வே இதை முன்கூட்டியே யோசித்தது. 1972இல் அரச எண்ணெய் நிறுவனத்தைத் தொடங்கியபோது தலைமையகத்தை ஒஸ்லோவில் வைக்காமல், மீன் ரின் அடைத்துக்கொண்டிருந்த ஸ்டவாங்கர் என்ற துறைமுக ஊரில் வைத்தார்கள். அந்த ஊர் இன்று இருக்கும் இருப்புக்கு அந்த முடிவு ஒரு பெரிய காரணம். திருகோணமலைக்கும் ஆழமான, காற்றுக்கு மறைவான துறைமுகம் இருக்கிறது. கப்பல்களுக்குச் சாமான் ஏற்றுவது, பழுது பார்ப்பது, பைப் அடுக்கி வைப்பது என்று கரைவேலை இங்கே வந்தால் காசும் வரும். இடம் இருப்பதால் மட்டும் அது வந்துவிடாது, ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். புல்மோட்டையில் இல்மனைட் மணலைப் பல பத்தாண்டுகளாக அள்ளுகிறோம். பெரும்பகுதி மணலாகவே கப்பலேறுகிறது, அதிலிருந்து வெள்ளைச் சாயம் செய்யும் தொழிற்சாலை வேறு நாட்டில் இருக்கிறது.

இப்போதைக்குச் சீனக்குடாவில் கண்ணால் காணக்கூடியது எண்ணெய்த் தாங்கிகள்தான். இரண்டாம் உலகப்போருக்கு முன் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய 99 தாங்கிகள், ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர். 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐ.ஓ.சி. வந்தது. 2022 ஜனவரி ஒப்பந்தத்தின்படி 14 தாங்கிகள் அவர்களுக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்க உடன்பாடு செய்தன. இந்த வழியில் ஏதாவது நடப்பதற்கே கடல் எண்ணெயைவிட வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு, கணிப்பு மட்டும்தான். ஆனால் சேமிப்புத் தாங்கி என்பது வால்வும் பம்பும் காவலும். பழைய தாங்கியைத் திருத்தி வர்ணம் பூசி, புதுக் குழாய் போடும் இரண்டு மூன்று வருடம் ஊரில் வெல்டர்களுக்கும் மேசன்மாருக்கும் நல்ல வேலை இருக்கும். அதன் பிறகு ஆள் கணக்கு சுருங்கிவிடும். வில்லிஸ்டன் மாதிரி வாடகை ஏறும் என்று எதிர்பார்க்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் கணக்கில் போடுங்கள். கடலில் ரிக் நின்றால் அதைச் சுற்றி 500 மீற்றர் வரை படகு போகத் தடை வரும். அளவீட்டுக் கப்பல் பல கிலோமீற்றர் நீளக் கேபிளை இழுத்துப் போகும் நாட்களில் வலை போட முடியாது. மூதூர், கிண்ணியா, குச்சவெளி மீனவர்களும், நிலாவெளியில் திமிங்கிலம் காட்டவும் புறாத்தீவுக்கு ஆள் ஏற்றவும் படகு வைத்திருப்பவர்களும் இன்று உழைக்கும் காசு கணக்குப் புத்தகத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது முழுக்க ஊருக்குள்ளேயே சுற்றுகிற காசு.

ஆகவே காணி விஷயம். எண்ணெயை நினைத்து வாங்காதீர்கள். வீடு கட்டி இருக்கவோ, எண்ணெய் வராவிட்டாலும் வாடகைக்கு விடவோ ஏற்ற காணி என்றால் வாங்குங்கள். அப்போதும் தாங்கிப் பண்ணை, விமானத்தளம், துறைமுக அதிகாரசபை ஆகியவற்றின் எல்லைகள் அந்தப் பக்கம் நெருக்கமாக ஓடுவதால், நில அளவை வரைபடத்தையும் உறுதியையும் ஒரு நொத்தாரிசிடம் காட்டி, அது அரச காணியா தனியார் காணியா என்று பிரதேச செயலகத்தில் விசாரித்த பிறகே முற்பணம் கொடுங்கள். "எண்ணெய் வரப்போகுது" என்று சொல்லி விலை ஏற்றும் தரகரிடம், எந்தக் கிணறு, எந்தத் தேதி என்று கேளுங்கள்.

தம்பிக்கு என் யோசனை இது. பெற்றோலியம் என்று மட்டும் பெயர் போட்ட டிப்ளோமாக்களுக்கு இலட்சக்கணக்கில் கொட்ட வேண்டாம். பாறையில் ஆசை இருந்தால் பேராதனையில் புவிச்சரிதவியல், இயந்திரத்தில் ஆசை இருந்தால் பொறியியலோ, என்.வி.கியூ. என்னும் தொழிற்பயிற்சித் தகைமை வழியோ. கையால் செய்யும் வேலை பிடிக்குமென்றால் குழாய் வெல்டிங்கில் 6ஜி சோதனை வரை போகட்டும். சாய்வாக அசையாமல் பிடித்த பைப்பைச் சுற்றிச் சுற்றி வெல்ட் பண்ணிக் காட்டும் சோதனை அது. அதில் தேறிய ஒருவரை ஓமானிலும் சம்பளம் பேசித்தான் எடுப்பார்கள், கடலில் எண்ணெய் வராவிட்டால் சீனக்குடாத் தாங்கிகளுக்கும் அதே வெல்டர்தான் வேண்டும். பயிற்சிக்கு எவ்வளவு போகும் என்று விசாரித்துப் பாருங்கள், நீங்கள் காணிக்கு ஒதுக்கியதில் சில பேர்ச் விலைக்குள் முடிந்துவிடும்.